முடி இல்லாதவனின் வீழ்ச்சி: வில்லி லோமனை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரணம்' நியூயோர்க்கின் மொரோஸ்கோ அரங்கில் முதன்முதலாக மேடையேறியது 1949 பெப்ரவரி 10 ஆம் திகதி. பதினேழு நாட்கள் கழித்து, பெப்ரவரி 27 இல், 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையில் மில்லர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். துன்பியலையும் சாதாரண மனிதனையும் பற்றியது அது. அரசர்களுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவுக்குச் சாதாரண மனிதனுக்கும் துன்பியல் பொருந்தும் என்பது அவருடைய வாதம். ஈடிபஸின் கதை ஈடிபஸைப் போன்ற மன்னர்களுக்கு மட்டும் உரியதென்றால், அந்த மன்னனின் பெயரை வைத்து மனநல வைத்தியர்கள் எல்லா மனிதரின் மனச்சிக்கலையும் எப்படி விளக்குகிறார்கள் என்று கேட்டார். பதவி முக்கியமல்ல, தன் கண்ணியத்தைக் காத்துக்கொள்ள உயிரையும் வைக்கத் துணிகிற ஒருவனைக் காணும்போது நமக்குள் எழுவதே துன்பியல் உணர்வு என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்தாளன் தன் நாடகத்துக்குத் தானே எழுதிக்கொடுக்கும் நற்சான்றிதழை அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது விமர்சகன் வேலையல்ல. வில்லி லோமன் என்ற அந்த 63 வயது மனிதன் துன்பியல் நாயகன்தானா, அல்லது நாம் இரக்கப்பட்டுவிட்டுக் கடந்துபோகும் ஒரு பாவப்பட்ட மனிதன் மட்டும்தானா என்பது எழுபது வருடங்களுக்கு மேலாகப் பேசப்பட்டு வரும் கேள்வி. நமக்கும் இதில் பங்குண்டு. வியாபாரத்தை வாழ்வாகக் கொண்ட ஒரு சமூகத்துக்கு, ஊர் ஊராய்ப் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்து ஓய்ந்துபோன ஒருவனின் கதை அந்நியமாக இருக்க முடியாது.

அரிஸ்டோட்டில் தன் 'கவிதையியல்' நூலின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் வகுத்தது நமக்குப் பாடமாகவே தெரியும். நாயகன் முழு நல்லவனாகவும் இருக்கக்கூடாது, முழுக் கெட்டவனாகவும் இருக்கக்கூடாது. புகழும் செல்வமும் உள்ள நிலையில் இருந்து ஏதோ ஒரு பிழையினால் விழ வேண்டும். இந்த உயரம் என்ற நிபந்தனைதான் பின்வந்த நூற்றாண்டுகளில் சட்டமாக இறுகியது. விழுவதற்கு உயரம் வேண்டும், உயரம் என்றால் அரண்மனை. சுவாமி விபுலாநந்தர் 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து நம் பல்கலைக்கழகங்களில் துன்பியல் என்று படிப்பிக்கப்பட்டதும் பெரும்பாலும் இந்த அரண்மனைத் துன்பியல்தான்.

இந்த இடத்தில் ஒரு விசயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. 'கவிதையியல்' அரபுக்கு வந்தது பத்தாம் நூற்றாண்டில். அபூ பிஷ்ர் மத்தா அதைச் சிரியாக் மொழியிலிருந்து பெயர்த்தார். நாடகம் என்ற கலையே புழக்கத்தில் இல்லாத ஒரு மொழியில் 'டிரஜடி'க்குச் சொல் தேடியபோது அவருக்குக் கிடைத்தது 'மதீஹ்', அதாவது புகழ்ப்பா. 'கொமடி'க்கு 'ஹிஜா', வசைப்பா. குர்துபாவின் இப்னு ருஷ்து (1126-1198) தன் விளக்கவுரையை அந்தச் சொற்களின் மேலேயே கட்டினார். நல்லோரைப் புகழ்ந்து கேட்போரை நன்மையின்பால் திருப்புவதே துன்பியலின் வேலை என்று அவர் கொண்டார். போர்ஹெஸ் இதை வைத்து ஒரு கதையே எழுதினார். இப்னு ருஷ்து வழி தவறிவிட்டார் என்று சிரிப்பது இலேசு. எனக்கு அது முழுத் தவறாகப் படவில்லை. ஒரு மனிதனின் வீழ்ச்சியைக் காட்டுவதற்குள் அவனில் புகழத்தக்கது எது என்ற கேள்வியும் ஒளிந்திருக்கிறது. வில்லியிடம் அதைக் கேட்டுப் பார்க்கலாம். கேட்கத்தான் போகிறேன்.

மில்லர்தான் முதல் ஆள் என்றில்லை. ஜோர்ஜ் லில்லோ 1731 இலேயே 'லண்டன் வணிகன்' நாடகத்தில் ஒரு தொழில்பழகும் இளைஞனை நாயகனாக்கி, அதையும் உரைநடையில் எழுதிவிட்டார். ஆனால் அது பாடம் சொல்லும் நாடகம். பையன் கெட்ட சகவாசத்தில் விழுந்தான், தூக்கு மேடைக்குப் போனான், பார்த்துக்கொள்ளுங்கள் என்ற கணக்கு. ஹவுப்ட்மனின் 'நெசவாளர்கள்' (1892) சிலேசியாவில் 1844 இல் நடந்த நெசவாளர் எழுச்சியைப் பற்றியது. அதில் தனி நாயகனே இல்லை, கூட்டமே நாயகன்.

உண்மையான முன்னோடி ஜோர்ஜ் புய்க்னரின் 'வொய்செக்'. லைப்சிக் நகரில் 1821 இல் தன்னோடு தொடர்பிலிருந்த பெண்ணைக் கொன்று, 1824 இல் பகிரங்கமாகத் தலை வெட்டப்பட்ட ஜொஹான் கிறிஸ்டியன் வொய்செக் என்ற உண்மை மனிதனின் கதை அது. அவனுக்குச் சித்தசுவாதீனம் உண்டா இல்லையா என்று வைத்தியர் எழுதிய அறிக்கைகளே மூலம். புய்க்னர் 1837 இல் இருபத்துமூன்றாம் வயதில் இறந்தபோது நாடகம் முடியவில்லை. அச்சுக்கு வந்தது 1879 இல், மேடைக்கு வந்தது 1913 இல். நாடகத்தில் வொய்செக் ஒரு சாதாரணச் சிப்பாய். கப்டனுக்குச் சவரம் செய்கிறான். வைத்தியரின் பரிசோதனைக்காக வெறும் பட்டாணியை மட்டும் தின்று உடம்பை வாடகைக்கு விடுகிறான். கிடைக்கும் சில்லறைக் காசை மேரியிடமும் குழந்தையிடமும் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஒழுக்கம் இல்லாதவன் நீ என்று கப்டன் சொல்லும்போது, ஒழுக்கம் அழகான விசயம்தான், ஆனால் அதற்குத் தொப்பியும் கடிகாரமும் நல்ல பேச்சும் வேண்டுமே, நாங்கள் ஏழைகள் என்ற கருத்தில் அவன் பதில் சொல்கிறான். அரசவையில் நின்று நீள நீளமாகப் பேசும் நாயகர்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தத் திக்கித் திக்கி வரும் பேச்சு புதிது. பேசத் தெரியாதவனும் துன்பியல் நாயகனாகலாம் என்று முதலில் நிறுவியவர் புய்க்னர்தான்.

வில்லி இதற்கு நேர் எதிர். அவன் பேச்சு ஓயாது.

நாடகம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கம். வில்லி லோமன் புருக்ளினில் குடியிருக்கிற பயண விற்பனையாளன். நியூ இங்கிலாந்துப் பிரதேசம் அவனுடைய ஓட்டம். முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரே கம்பனி. இப்போது கார் ஓட்டும்போதே மனம் வேறெங்கோ போய்விடுகிறது. பழைய நாட்களும் இன்றைய நாளும் அவன் தலைக்குள் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. மில்லர் முதலில் நினைத்த தலைப்பே 'அவன் தலைக்குள்ளே' என்பதுதான். மூத்த மகன் பிஃப் முப்பத்துநான்கு வயதாகியும் காலூன்றவில்லை. இளையவன் ஹெப்பி பெண்களின் பின்னால். மனைவி லிண்டா. ஒரு இரவும் ஒரு பகலும் அடுத்த இரவும், அவ்வளவுதான் கதை நடக்கும் காலம். கடைசியில் இருபதாயிரம் டொலர் ஆயுள் காப்புறுதிப் பணம் மகனுக்குக் கிடைக்கட்டும் என்று காரை எடுத்துக்கொண்டு போய் மோதிச் சாகிறான்.

உயர்தர வகுப்பில் அவலச்சுவை பற்றிப் பேசும்போது இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம். ஒருமுறை பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், அந்த மனிசன் என்னத்த வித்தவரு?" நல்ல கேள்வி. நாடகம் முழுக்கத் தேடினாலும் விடை கிடையாது. இரண்டு பெரிய மாதிரிப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு அவன் மேடைக்கு வருகிறான், பெட்டிக்குள் என்ன என்று யாரும் சொல்வதில்லை. மில்லரிடமும் இதைக் கேட்டார்கள். அவன் விற்றது தன்னைத்தான் என்றாராம். வகுப்பில் இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை, "அப்ப சரக்கு முடிஞ்சா கடய மூடத்தானே வேணும்" என்றான். பல விமர்சன நூல்கள் பத்துப் பக்கம் எழுதிச் சொல்வதை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

சரக்கு எப்படித் தீர்கிறது என்பதை மில்லர் இலக்கங்களால் காட்டுகிறார். இது பலர் கவனிக்காமல் விடும் இடம். பழைய நாள் ஒன்றின் நினைவில் வில்லி பயணத்திலிருந்து வீடு வருகிறான். புரொவிடன்சில் 500, பொஸ்டனில் 700, மொத்தம் 1200 டொலருக்கு விற்றேன் என்கிறான். லிண்டா பென்சிலை எடுத்துக் கணக்குப் பார்க்கிறாள், தரகுப் பணம் 212 டொலர். அவளுடைய சந்தோசத்தைப் பார்த்ததும் வில்லி பின்வாங்குகிறான். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கடைசியில் மொத்தமே ஏறக்குறைய 200 தான் என்று ஒத்துக்கொள்கிறான். தரகு எழுபது டொலரும் சில்லறையும். கட்ட வேண்டிய தவணைகளோ, குளிர்சாதனப் பெட்டி, உடுப்புத் துவைக்கும் இயந்திரம், கூரைத் திருத்தம், கார் என்று எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 120 டொலர். இது பொய் சொல்லும் மனிதனின் காட்சி மட்டுமல்ல. வாயால் ஏறின மாடியிலிருந்து மனைவியின் பென்சில் முனையால் ஒவ்வொரு படியாக இறங்கும் காட்சி.

இரண்டாம் அங்கத்தில் இதே இறக்கம் மறுபடி வருகிறது, இம்முறை கொடூரமாக. முதலாளியின் மகன் ஹோவார்ட். வில்லிக்கு மகன் வயது. இவன் பிறந்தபோது பெயர் வைப்பது பற்றி உன் வாப்பா என்னிடம் கேட்டார் என்று வில்லி நினைவூட்டுகிறான். ஹோவார்ட் தான் புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் பிள்ளைகளின் குரலைப் போட்டுக் காட்டுவதில் மும்முரமாக இருக்கிறான். இனிப் பயணம் முடியாது, நியூயோர்க்கிலேயே ஒரு வேலை தா, வாரத்துக்கு 65 டொலர் போதும் என்று வில்லி கேட்கிறான். இடமில்லை. சரி, 50. இல்லை. 40 போதும், 40 தான் வேண்டும். அதுவும் இல்லை. பேச்சின் முடிவில் இருந்த வேலையும் போய்விடுகிறது. ஹோவார்ட் சற்று வெளியே போன நேரத்தில் வில்லியின் கை பட்டு அந்தக் கருவி இயங்கத் தொடங்குகிறது, ஒரு சின்னப் பையன் அமெரிக்க மாநிலங்களின் தலைநகர்களை ஒப்புவிக்கிறான், வில்லிக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை, பயந்து கத்துகிறான். கிரேக்க நாடகத்தில் மன்னன் சிம்மாசனத்திலிருந்து விழுவான். இவன் 65 இலிருந்து 40 க்கு விழுகிறான். விழுந்த தூரம் இருபத்தைந்து டொலர். மாதக் கடைசியில் சம்பளக் காசை எண்ணிப் பார்க்கிற எவருக்கும் அந்தத் தூரத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தமிழ் படித்தவளுக்கு இங்கே தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் இருக்காது. மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக நான்கைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இந்த நான்கில் எதற்கும் முடியோ குடியோ நிபந்தனையில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். அரிஸ்டோட்டில் விழுகிறவனின் உயரத்தைப் பார்த்தார், நம்மவர் அழுகையின் ஊற்றைப் பார்த்தனர். பேராசிரியர் உரையை வைத்து நோக்கினால் இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளியவனாதல், அசைவு என்பது முன்னிருந்த நிலை கெட்டு வேறொருவனாகி வருந்துதல். ஹோவார்டின் அறையில் நாம் பார்ப்பது இந்த இரண்டையும்தான். வறுமைக்கு அவர் கூறும் பொருள் இன்னும் நுட்பமானது. வெறும் கையில்லாமை அல்ல, துய்க்கப் பெறாத பற்றுள்ளம். வில்லி வீட்டில் பட்டினி கிடையாது. ஆனால் அனுபவிக்கக் கிடைக்காத ஒன்றின் மேல் முப்பது வருடப் பற்று இருக்கிறது. டேவ் சிங்கிள்மன் என்ற எண்பத்துநான்கு வயது விற்பனையாளன் பச்சை வெல்வெட் செருப்போடு ஹோட்டல் அறையில் இருந்தபடியே தொலைபேசியில் வியாபாரம் செய்தான், அவன் இறந்தபோது நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள் என்பதே வில்லியின் சொர்க்கம். அந்தப் பற்றுள்ளம்தான் அவனுடைய வறுமை. இந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை எந்த இலக்கியத்தில் தேடினாலும் எனக்குக் கிடைக்காது.

நான்கும் பொருந்திவிட்டால் நாடகம் அவலச்சுவை உடையது என்று சொல்லலாம். துன்பியல் என்று சொல்லிவிட முடியாது. எதிர்த்தரப்பாரின் வலுவான வாதம் இங்கேதான் நிற்கிறது. ஈடிபஸ் கடைசியில் தான் யார் என்று அறிகிறான், அறிந்து கண்ணைக் குத்திக்கொள்கிறான். ஒதெல்லோவும் அறிகிறான். வில்லி எதை அறிகிறான்? செத்துப்போகும் நிமிடம்வரை பழைய பொய்க்குள்தான் இருக்கிறான். எரிக் பென்ட்லி போன்ற விமர்சகர்கள் இன்னொரு பக்கத்தால் வந்தார்கள்: குற்றம் சமூகத்துடையது என்றால் அவன் பலிக்கடா, குற்றம் அவனுடையது என்றால் சமூக விமர்சனம் கிடையாது, மில்லர் இரண்டையும் ஒரே கையில் பிடிக்கப் பார்க்கிறார் என்றார்கள். இந்த இரண்டாவது வாதம் என்னை அவ்வளவு தொந்தரவு செய்யவில்லை. கிரேக்கத்தில் விதியும் மனிதனின் பிழையும் சேர்ந்துதான் வேலை செய்தன. விதி இருந்த இடத்தில் கம்பனியும் தவணைக் கடனும் வந்து உட்கார்ந்ததால் பிழை மறைந்துவிடுவதில்லை. பொஸ்டன் ஹோட்டல் அறையில் பிஃப் கண்ட காட்சிக்கு எந்தக் கம்பனியும் பொறுப்பல்ல.

முதல் வாதம் கனமானது. அதற்கு என் பதில், வில்லி ஒன்றை அறிகிறான் என்பதே. கடைசி இரவில் பிஃப் இறப்பர்க் குழாயை மேசையில் போட்டு எல்லாப் பொய்யையும் உடைக்கிறான். நானும் ஒன்றுமில்லை, நீயும் ஒன்றுமில்லை, கடைச் சரக்கைப் போல நம்மைப் போல ஆயிரம் பேர் என்று சொல்கிறான். வில்லிக்கு அது விளங்கவில்லை, வன்மத்தில் பேசுகிறான் என்று நினைக்கிறான். பிறகு பிஃப் உடைந்து தகப்பனைக் கட்டிப்பிடித்து அழுகிறான். அந்த அழுகை வில்லிக்கு விளங்குகிறது. மகன் தன்னை வெறுக்கவில்லை, நேசிக்கிறான் என்று பதினைந்து, பதினாறு வருடங்களுக்குப் பின் அவனுக்குத் தெரிகிறது. இது உண்மையான அறிவு, நாடகத்தில் அவன் பெறும் ஒரே உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்கிறான் என்பதுதான் பயங்கரம். இப்படிப்பட்ட மகனுக்கு இருபதாயிரம் டொலர் கிடைத்தால் எங்கேயோ போய்விடுவான் என்று கணக்குப் போடுகிறான். நேசத்தை நேசமாக வாங்கிக்கொள்ள அவனுக்குத் தெரியவில்லை, அதற்கும் விலை கொடுக்கப் பார்க்கிறான். பெட்டியில் மிஞ்சியிருந்த கடைசிச் சரக்கு அவனுடைய மூச்சு. அதையும் விற்றுவிட்டான். ஈடிபஸ் உண்மை தெரிந்ததால் அழிந்தான். வில்லி உண்மை தெரிந்தும் அதைப் பொய்யின் மொழியில் மொழிபெயர்த்ததால் அழிந்தான். இது சின்ன வீழ்ச்சி என்று யார் சொல்ல முடியும்?

தற்கொலை நமக்கு ஹராம். இந்த நாடகத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது பற்றித் தயங்குகிறவர்கள் முதலில் எடுத்து வைப்பதும் இதைத்தான், இரண்டாவதாகப் பொஸ்டன் பெண்ணை. தயக்கம் நியாயமானது. ஆனால் நாயகன் செய்வதையெல்லாம் நாடகம் ஆமோதிக்கிறது என்று எடுத்துக்கொண்டால் உலகத் துன்பியலில் ஒன்றையும் படிக்க முடியாது. நாடகம் வில்லியின் செயலுக்கு எந்தப் பரிசையும் கொடுக்கவில்லை. சிங்கிள்மனுக்கு வந்த கூட்டம் வரும் என்று நம்பிப் போனவனின் அடக்கத்துக்கு மனைவியும் இரண்டு மகன்மாரும் பக்கத்து வீட்டுச் சார்லியும் அவன் மகனும் மட்டுமே நிற்கிறார்கள். காப்புறுதிப் பணம் கிடைத்ததா என்பதுகூடச் சொல்லப்படவில்லை. ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்து என்று நம்புகிற ஒருவர் இந்த நாடகத்தைப் பார்த்தால், ரிஸ்க் முழுவதும் மற்ற மனிதர் தன்னை எவ்வளவு விரும்புகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது என்று நம்பியவனுக்கு என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்ப்பார். இதை ஒரு பயானில் சொல்வதைவிட இந்த நாடகம் வலுவாகச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

இனி இப்னு ருஷ்துவின் கேள்விக்கு வருவோம். இவனிடம் புகழ என்ன இருக்கிறது?

வில்லியின் கைகள். வீட்டு முன்வாசல் படிக்கட்டை அவன்தான் கட்டினான். கூரையின் உட்பலகை அவன் போட்டது, குளியலறை அவன் கட்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சந்தோசமாக இருந்தது சீமெந்துக் கலவையோடுதான். அவன் விற்ற சரக்கு முழுவதிலும் இருந்ததைவிட அந்தப் படிக்கட்டில் அவன் அதிகமாக இருந்தான் என்ற கருத்தில் கப்றடியில் பிஃப் பேசுகிறான். ஆயுதம் பிடிக்கத் தெரியாதவன் ஆம்பிளையா என்று சார்லியிடம் நக்கலடிக்கிறவனும் இதே வில்லிதான். ஆனால் பிஃப், நாம் தச்சர்களாக இருக்க வேண்டியவர்கள் என்று சொல்லும்போது, உன் பாட்டன்கூடத் தச்சனைவிட உயர்ந்தவன் என்று எரிந்து விழுகிறவனும் அவன்தான். அந்தப் பாட்டன் செய்த வேலை என்ன? புல்லாங்குழல் செய்து வண்டியில் வைத்து ஊர் ஊராய் விற்றது. கைத்தொழில்தான்.

உழைக்கும் மனிதன் துன்பியல் நாயகனாகும் இடம், எனக்குத் தெரிந்தவரை, இதுதான். ஏழ்மை அவனை வீழ்த்தவில்லை. தன் கையில் இருந்த உண்மையான திறமையை வெட்கப்படத்தக்க ஒன்றாக நினைத்து, தன்னிடம் இல்லாத ஒரு திறமையை, ஆட்களை மயக்கும் சிரிப்பை, வாழ்நாள் முழுவதும் சுமந்ததுதான் வீழ்த்தியது. தாவூத் நபி (அலை) தன் கையால் உழைத்தே உண்டார் என்று றஸூலுல்லாஹ் (ஸல்) சொன்ன ஹதீஸை ஓதுகிற நம் ஊர்களிலும் மேசன் பாஸ் தன் மகனை மேசன் ஆக்க விரும்புவதில்லை. கழுத்துப்பட்டி கட்டி ஒரு கம்பனியின் 'ரெப்' ஆகப் போனால் கல்யாணப் பேச்சில் மதிப்பு. வில்லியைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்குக் கொஞ்சம் குறைவுதான்.

லிண்டாவைப் பற்றி விமர்சகர்கள் பொதுவாக இரண்டு வரி எழுதுவார்கள், பொறுமையான மனைவி என்று. அவள் அவ்வளவு இலேசான பாத்திரமல்ல. நிலக்கீழறையில் மின் உருகிப் பெட்டிக்குப் பின்னால் வில்லி ஒளித்து வைத்த இறப்பர்க் குழாயை அவள் கண்டுபிடிக்கிறாள். அதை ஒவ்வொரு நாளும் எடுத்து வைக்கிறாள், அவன் வீட்டுக்கு வருமுன் பழைய இடத்திலேயே திருப்பி வைக்கிறாள். எடுத்துவிட்டால் எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், அந்த அவமானத்தை எப்படிக் கொடுப்பது என்பது அவள் நியாயம். கண்ணியத்தைப் பற்றி மில்லர் கட்டுரையில் எழுதியது எல்லாவற்றையும்விட இந்தக் குழாய் எனக்கு அதிகம் சொல்கிறது. புருஷனின் கண்ணியத்தைக் காப்பாற்றுவதற்காக அவனுடைய மரணத்தைப் பத்திரமாக இடத்தில் வைக்கிற பெண். மகன்மாரைப் பார்த்து, உங்கள் தகப்பன் பெரிய மனிதனில்லை, பத்திரிகையில் பெயர் வந்தவனில்லை, ஆனாலும் ஒரு மனிதன், அவனைக் கவனிக்காமல் விடக்கூடாது என்று அவள் சொல்லும் பேச்சு பிரசித்தம். கிரேக்க நாடகத்தில் குழுப் பாடகர் செய்த வேலையை இங்கே அவள் தனியாளாகச் செய்கிறாள். அதே நேரம் ஓட்டைக் காலுறையைத் தைத்துக்கொண்டே அவனுடைய எல்லாப் பொய்க்கும் தலையாட்டியவளும் அவள். பொஸ்டனில் இன்னொருத்திக்குப் போனது புதுக் காலுறை என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

மில்லர் இந்தக் கருத்தை 'பாலத்திலிருந்து ஒரு பார்வை'யில் (1955) இன்னும் கீழே, துறைமுகக் கூலித் தொழிலாளியிடம் கொண்டுபோனார். எடி கார்போன் தன் மனைவியின் உறவுக்காரர்களை வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு, பின் அவனே குடிவரவு அதிகாரிகளுக்குக் காட்டிக்கொடுக்கிறான். காட்டிக்கொடுத்தபின் ஊரார் முன்னால் தன் பெயரைத் திருப்பித் தா என்று கத்துகிறான். எழுதிய காலத்தைப் பார்க்க வேண்டும். 'விற்பனையாளனின் மரண'த்தை இயக்கிய எலியா கசான் 1952 இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னார். மில்லர் 1956 இல் அதே குழுவின் முன் பெயர் சொல்ல மறுத்தார். எடி அமைப்பில் இறுக்கமானவன், அரிஸ்டோட்டில் பார்த்தாலும் ஒத்துக்கொள்வார். ஆனாலும் வில்லியிடம் திரும்பித் திரும்பிப் போகிறோம், எடியிடம் அவ்வளவு போவதில்லை. எடியின் பிழை எப்போதோ ஒருமுறை ஒருவன் செய்யும் பிழை. வில்லியின் பிழை தினமும் காலையில் செய்யப்படுவது.

அது அமெரிக்கக் கனவு பற்றிய நாடகம், அமெரிக்கருக்கு மட்டுமே விளங்கும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 1983 இல் மில்லரே பீஜிங் போய், விற்பனையாளன் என்ற தொழிலே அறிமுகமில்லாத சீன நடிகர்களைக் கொண்டு அதை மேடையேற்றினார். யிங் ருவோசெங் வில்லியாக நடித்தார். சனம் விளங்கிக்கொண்டது. தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் உள்ளதை விளங்க வேறு கல்வி தேவையில்லை.

அஸ்கர் பர்ஹாதி 2016 இல் எடுத்த 'விற்பனையாளன்' என்ற ஈரானியப் படத்தில் தெஹ்ரான் தம்பதியர் எமாதும் ரானாவும் இதே நாடகத்தில் வில்லியாகவும் லிண்டாவாகவும் நடிக்கிறார்கள். வீட்டில் ரானாவை ஒருவன் தாக்குகிறான். எமாத் பழிவாங்கத் தேடிப் போகிறான். கடைசியில் பிடிபடுகிறவன் யார் என்று பார்த்தால், இருதய நோய் உள்ள, படியேற மூச்சு வாங்குகிற, தெருவில் சாமான் விற்கிற ஒரு கிழவன். மேடையில் எமாத் ஒவ்வொரு இரவும் எவனுடைய கண்ணியத்துக்காக நம்மை அழ வைக்கிறானோ அவனே வந்து முன்னால் நிற்கிறான், குற்றவாளியாக. அவன் மனைவி அவனை உயிரென நேசிப்பவள், ஒன்றும் அறியாதவள். அவளை அழைப்பித்து அவள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட எமாத் நினைக்கிறான். ரானாதான், தாக்கப்பட்டவளேதான், விட்டுவிடு என்கிறாள். எமாத் கிழவனைத் தனியே உள்ளே கூப்பிட்டுக் கன்னத்தில் ஒன்று அறைகிறான். வெளியே வந்த கிழவன் படியில் சரிகிறான். எமாதும் ரானாவும் மறுபடி அரங்குக்குப் போய், ஒப்பனை மேசையில் அருகருகே உட்கார்ந்து, வயதான முகங்களைப் பூசிக்கொள்கிறார்கள்.